கரைமேல் ஒரு லயம்

வறட்சி நீடிக்கும் காலங்களில் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நடுவே பழைய மஸ்கெலியா தலைகாட்டும். மஸ்கெலி ஓயாவை மறித்துக் கட்டப்பட்ட அணை 1969 ஆம் ஆண்டு நிறைவுற்றபோது நீருள் அமிழ்ந்த நகர் அது. சிதைந்த கோயிற் சுவர்கள் வெளிப்பட்ட செய்தி பரவியதும் தோட்டத்து மக்கள் திரண்டு சென்று பார்ப்பர்.

பல்கலைக்கழக விடுமுறையொன்றில் அப்பாயியுடன் நானும் சென்றிருந்தேன். வெடித்த சேற்றில் நின்று, "இந்தா, இதுதான் ஜவுளிக்கட. தீவாளிச் சேலை இங்கதான் எடுப்போம்" என்று அவர் அடையாளங் காட்டினார். பின்னர், கரைமேல் தெரிந்த எங்கள் லயத்தை நிமிர்ந்து நோக்கினார். "டவுனு தண்ணிக்குள்ள போச்சு, மேல புதுசா ஒண்ணு வந்துச்சு. நம்ம காம்பரா முழுகல தம்பி, அதான் அப்படியே கெடக்கு" என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீர் வந்ததால் பள்ளத்தாக்கு கரையாயிற்று. கரையின் அழகுக்கு விலையும் வந்தது. அயலிலுள்ள காசல்றீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரை பங்களாக்கள் சில இன்று உல்லாச விடுதிகள். அதே நீரைப் பார்த்திருக்கும் லயங்களில், ஒரு காம்பராவும் இஸ்தோப்புமாகவே பல குடும்பங்களின் வாழ்வு கழிகின்றது.

இதன் காரணம் வறுமை மட்டுமன்று. லயம் தொழிலோடு பிணைக்கப்பட்ட குடியிருப்பு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் குடியுரிமைக்கு வழிசெய்தது. அண்மைக் காலத்தில் சிலருக்கு 7 பேர்ச் காணியுடன் தனிவீடுகள் கிடைத்துள்ளன. ஆயினும், வாக்குச்சீட்டுக் கிட்டிய அனைவருக்கும் காணியுறுதி கிட்டவில்லை.

எம் வீட்டில் தோட்டப் பதிவில் எஞ்சியுள்ள பெயர் அம்மாவுடையது மட்டுமே. விரைவில் அவர் கொழுந்துக் கூடையை இறக்கிவைப்பார். அதன்பின்னும் நாம் அங்கு இருக்கலாம் என்கின்றனர். ஆனால், இருக்கும் உரிமை எழுத்தில் எங்குமில்லை. நான் தோட்டத்துக்குத் திரும்பக்கூடாதென்றே அம்மா என்னைப் படிக்கவைத்தார். நான் பெறப்போகும் பட்டமே எம் காம்பராவின் கடைசிப் பிடியையும் தளர்த்துகின்றது.

திரும்பும் வழியில் அப்பாயி ஒரு கடையின் அத்திவாரத்தில் அமர்ந்து இளைப்பாறினார். "இவுக இங்க இருந்தாகன்னு கல்லாச்சும் சொல்லுது" என்றார். பின்பு என் கையைப் பற்றிக்கொண்டு லயத்தை நோக்கி ஏறலானார்.