ஈரம் போகும் வழி

கைக்குழந்தைக்குத் தைக்கும் துணி நாப்கினில் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கின்றன. உள்துணி ஈரத்தைக் குடிக்க வேண்டும். வெளித்துணி அதே ஈரத்தை மறிக்க வேண்டும். இரண்டையும் இணைக்கத் தைத்தால், ஊசி இறங்கிய துளையும் அதில் ஓடும் நூலுமே ஈரம் கசியும் வழியாகிவிடுகின்றன. எங்கே தைக்கக் கூடாது என்று தெரிந்தவரே இந்த வேலையில் கைதேர்ந்தவர்.

தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலம் இதற்குத் தையலே தேவைப்படவில்லை. துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியையும் நூல் சேலையையும் சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்து இடுப்பில் கட்டினார்கள். நனைந்ததும் மாற்றிவிடுவதால் வெளியுறைக்கு வேலை இல்லை. பிறந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் தார்போலக் கரும்பச்சையாக வெளியேறும் மலத்துக்கு இன்றும் இந்தப் பழந்துணியே ஏற்றது. கறை போகாவிட்டால் எறிந்துவிடலாம். கடைகளில் விற்கும் பச்சைக்குழந்தை செட்டுகளிலுள்ள நாடா வைத்த நாப்கின் இதன் அடுத்த படி.

நீர் புகாத உறைகளில் பேர்பெற்ற ஒன்றும் ஒரு வீட்டில் தைத்ததுதான். அமெரிக்காவில் மேரியன் டோனவன் 1946-இல் குளியலறைத் திரையொன்றை வெட்டி, உள்ளே துணி வைத்துக்கொள்ளும்படி ஓர் உறை தைத்தார். ஊக்குக்குப் பதிலாக அழுத்து பட்டன் வைத்தார். 1949-இல் நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் அது விற்பனைக்கு வந்தது. 1951-இல் காப்புரிமை கிடைத்தது. உறை தனி, உள்துணி தனி என்ற அந்த அமைப்பே இன்றைய தையலுக்கும் அடிப்படை.

துணி வாங்க நல்ல இடம் திருப்பூர் காதர்பேட்டை. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியதும், சிறு குறையால் ஒதுக்கப்பட்டதுமான பனியன் துணி அங்கே கிலோ கணக்கில் விற்பனையாகிறது. குவியலில் கைவிடும்போது கவனிக்க வேண்டியது நிறத்தையல்ல, பின்னலை. சிங்கிள் ஜெர்சி மெல்லியது. வெட்டிய ஓரம் சுருண்டுகொண்டு தைப்பவரின் பொறுமையைச் சோதிக்கும். இன்டர்லாக் இருபுறமும் ஒரே முகம் கொண்டது, ஓரம் சுருளாது, அடர்த்தியும் அதிகம். உள்துணிக்கு அதுவே முதல் தேர்வு. டர்க்கி டவல் துணி ஈரத்தை வேகமாக வாங்கினாலும் காய நேரமெடுக்கும். பாலியஸ்டர் பிளீஸ் ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே விட்டுவிடும். அதனால் தோலைத் தொடும் மேல் அடுக்குக்கு அது உதவும். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் பாலியஸ்டரைக் குழந்தையின் இடுப்பில் சுற்றுவதை எல்லோரும் விரும்புவதில்லை. அவர்களுக்கு மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணி இருக்கிறது.

வாங்கிய துணியை உடனே வெட்டுவது பிழை. வெளுக்காத கோராத் துணியில் பருத்தியின் இயற்கை மெழுகு அப்படியே இருக்கும். அதன்மேல் விட்ட தண்ணீர் முத்தாக உருண்டு நிற்கும். கஞ்சி போட்ட மில் துணியும் தண்ணீரை லேசில் வாங்காது. சலவைச் சோடா கலந்த கொதிநீரில் ஊறவைத்து அலச வேண்டும். கோராவை இரண்டு மூன்று முறையாவது இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததும் பரவி மறைந்தால் துணி தயார். பின்னல் துணி சுருங்கும் அளவும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். தைத்த பிறகு சுருங்கினால் உள்துணி ஒரு வடிவமும் உறை ஒரு வடிவமுமாக நிற்கும்.

உள்துணியைப் பட்டையாகத் தைப்பதே வீட்டுக்கு எளிது. செவ்வகத் துணியை மூன்று பாகமாகப் பார்த்து, நடுப்பாகத்தில் ஆறு அல்லது எட்டு அடுக்கும் இருபுறமும் நான்கு அடுக்கும் வரும்படி மடித்து, பாகங்களைப் பிரிக்கும் இரண்டு கோடுகளை மட்டும் தைப்பார்கள். ஈரம் முதலில் விழுவது நடுவில் என்பதால் அங்கே கனம். அடுக்கைக் கூட்டிக்கொண்டே போனால் பலன் கூடும் என்று நினைக்கத் தோன்றும். எட்டுக்கு மேல் போனால் ஊசியும் திணறும், ஐப்பசி மழையில் துணியும் காயாது. கனமான அடுக்குக்கு 16-ஆம் நம்பர் ஊசியும் நீளமான தையலும் வேண்டும். கால் மெஷினில் சக்கரத்தைக் கையால் பிடித்து ஒவ்வொரு தையலாக நகர்த்தினால்தான் மடிப்பு முனை தாண்டும்.

உறையில்தான் வேலை நுணுக்கமாகிறது. பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியஸ்டர் துணியை வியாபாரத்தில் பி.யு.எல். என்பார்கள். அதில் குண்டூசி குத்தக் கூடாது. குத்திய துளை ஆறாது. ஓரத்தைப் பிடிக்கத் துணி காயப்போடும் கிளிப்பே போதும். படலம் பூசிய பக்கம் மெஷினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். பட்டர் பேப்பர் துண்டை மேலே வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுப்பது எளிய வழி. ஊசி 11-ஆம் நம்பர், நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் விளக்குத் திரிபோல ஈரத்தை உள்ளிருந்து வெளியே இழுத்துவிடும். இதே காரணத்தால் உறையின் நடுவில், தொடையிடுக்குப் பகுதியில், ஒரு தையலும் விழக் கூடாது. அழகுக்காக அங்கே பூவேலை வைத்த நாப்கின்கள் பார்க்க நன்றாயிருக்கும். மடியில் வைத்திருப்பவரின் சேலைதான் நனையும். உள்துணியின் ஓரம் நூலளவு வெளியே எட்டிப் பார்த்தாலும் அதே கதி.

காலைச் சுற்றி வரும் எலாஸ்டிக் அடுத்த சோதனை. ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷினில் எலாஸ்டிக்கை இழுத்துக்கொண்டே தைத்து நொடிகளில் முடிப்பார்கள். வீட்டு மெஷினில் ஓரத்தை மடித்துச் சுரங்கம்போலத் தைத்து, எலாஸ்டிக் முனையில் ஊக்கு மாட்டி உள்ளே செலுத்தி, இரு முனையையும் குறுக்கே நான்கைந்து முறை தைத்து இறுக்க வேண்டும். வளைவின் நீளத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட எலாஸ்டிக் போதும். நாப்கினைக் கழற்றியதும் தொடையில் தெரியும் லேசான கோடு சிறிது நேரத்தில் மறைய வேண்டும். பள்ளமாகத் தங்கினால் இறுக்கம் அதிகம்.

மூடுவதற்கு வெல்க்ரோவோ பிளாஸ்டிக் பட்டனோ வைக்கலாம். வெல்க்ரோ எந்த இடுப்புக்கும் பொருந்தும். ஆனால் துவைக்கும்போது மற்றத் துணிகளில் கொக்கி போட்டு நூலை இழுக்கும். பட்டன் நீடிக்கும்.

திருப்பூரில் சிங்கர் டெய்லர், ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர் என்று கம்பெனி வேலை பிரிந்து கிடக்கிறது. கைமடி வேலை செய்பவர் துணியை எடுத்துக்கொடுத்து அடுக்குவார். பிள்ளைப்பேறுக்குப் பிறகு ஷிப்டுக்குப் போக முடியாத பெண்கள் வீட்டில் ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்கள். கம்பெனியில் ஒரே தையலை நாள் முழுக்கத் தைத்தவர், நாப்கினில் வெட்டுவது முதல் பட்டன் அடிப்பது வரை எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும். துணிக்கு விலை போட்டுப் பழகிய வாங்குபவர்கள், எலாஸ்டிக் கோர்த்த நேரத்துக்கு விலை போடுவதில்லை. டயப்பர் பாக்கெட்டோடு ஒப்பிட்டு விலையைக் குறைக்கக் கேட்பதில் நியாயம் இல்லை: பாக்கெட் மாதாமாதம் வாங்க வேண்டியது, தைத்த நாப்கின் ஒருமுறை.

சின்னக் குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். தினமும் துவைப்பவருக்கு இருபத்துநான்கு உள்துணியும் ஆறேழு உறையும் போதுமானவை. உறை ஒவ்வொரு முறையும் நனையாது. துடைத்துக் காற்றாட விட்டால் மறுபடி போடலாம். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுவதால் நெடி வருகிறது, தோல் எரிச்சலும் கூடலாம். ஆகவே நனைந்த துணியைக் குவித்து வைக்காமல் உடனே அலசிவிட வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் இழைமேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். மஞ்சள் கறைக்கு வெயிலே சிறந்த மருந்து.

அந்த வெயிலுக்குச் சுற்றுச்சூழல் கணக்கிலும் இடமுண்டு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கான கரியமில வாயு அளவு எறியும் டயப்பருக்கு ஏறத்தாழ 550 கிலோ, துணி நாப்கினுக்கு 570 கிலோ. உலர்த்தும் மெஷினில் சூடேற்றிக் காயவைத்தால் துணியின் கணக்கு மேலும் ஏறியது. கொடியில் காயப்போட்டு, சலவை மெஷின் நிறையத் துணி போட்டுத் துவைத்து, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் 40 சதவீதம் இறங்கியது. துணி என்பதாலேயே அது பசுமையாகிவிடாது. துவைப்பதும் காயவைப்பதுமே தீர்மானிக்கின்றன.

அடுத்த குழந்தை வருவதற்குள் முதலில் தளர்வது எலாஸ்டிக். சுரங்கத்தின் இரு முனைத் தையலை மட்டும் பிரித்து, பழையதன் முனையில் புதியதைக் கோர்த்து இழுத்தால் உறை மீண்டும் பயன்படும். படலம் வெடித்து உரியத் தொடங்கிய உறையைத் தைத்துச் சரிசெய்ய முடியாது. அதனுள் வைத்த உள்துணி அடுத்த உறைக்கு ஆகும்.