காயில் கட்டுகிறவரின் நோட்டு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய மேசை மின்விசிறி பார்க்க வருகிறவர்கள் முதலில் பித்தளை இறக்கையைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். அடுத்து கூண்டின் வளைவு, அடிப்பாகத்து வார்ப்பிரும்பின் கனம், பெயர்த்தகடு. ஓடுமா என்று கேட்பவர்கள் குறைவு. வரவேற்பறையில் வைக்கத்தானே என்று சொல்லி விலை பேசுகிறார்கள். எனாமல் தூக்குவாளிகளுக்கும் சுவர்க்கடிகாரங்களுக்கும் நடுவில் நிற்கும் அந்த மின்விசிறி ஒரு காலத்தில் ஒரு வீட்டின் புழுக்கத்தைத் தணித்த இயந்திரம். அதை மறுபடி ஓட வைப்பவர்கள் யார் என்று விசாரித்தபோது, "அதுக்கெல்லாம் மோட்டார் பட்டறைக்குத்தான் போகணும்" என்றார் ஒரு கடைக்காரர். அவர் வழி சொன்ன பட்டறை மல்லாங்கிணற்றில் இருந்தது.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் பேரூராட்சி அது. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனின் சொந்த ஊர் என்பதால் வாசகர்கள் பலருக்குப் பெயர் தெரிந்திருக்கும். மழை குறைந்த வட்டாரம். இந்த வறட்சியை நம்பித்தான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. தீக்குச்சியைக் காய வைத்த அதே வெயில்தான் மல்லாங்கிணற்றுப் பட்டறையில் மோட்டாரின் கம்பிச் சுருளான காயிலுக்கு ஊற்றிய வார்னிஷையும் காய வைக்கிறது. உப்புக்காற்று வராத ஊர் என்பதால் பழைய இரும்பும் கடலோரத்தைப் போல அரித்துப் போவதில்லை.

இப்படியொரு பட்டறை இங்கே இருப்பதற்குக் காரணம் கிணறுகள். காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் கிராமங்களுக்கு மின்கம்பி வேகமாகப் பரவியது. கமலை இறைத்த கிணறுகளில் பம்புசெட் இறங்கியது. மோட்டார் புகைந்தால் அன்றைக்குள் சரி செய்தாக வேண்டும், இல்லையென்றால் மிளகாய்ச் செடி காய்ந்துவிடும். அந்த அவசரம் சுற்றுவட்டார ஊர்களில் காயில் கட்டுகிறவர்களை உருவாக்கியது. பம்பு மோட்டாருக்குப் பழகிய அதே கை வீட்டு மின்விசிறியையும் கிரைண்டரையும் எடுத்துக்கொண்டது.

பட்டறையை நடத்துகிற அண்ணாச்சிக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். நான் அக்கா என்று அழைத்த அவருடைய மனைவி, காயில் உட்காரும் குழியான ஸ்லாட்டுக்குள் காப்புக்காகச் செருகும் லெதராய்டு பேப்பரை அளந்து வெட்டி மடித்துக்கொண்டிருந்தார். ஐடிஐ முடித்த ஓர் இளைஞர் உதவிக்கு இருந்தார். தரையில் பம்பு மோட்டார்கள், சுவரோரம் மூன்று பழைய சீலிங் ஃபேன்கள், ஒரு கல் கிரைண்டர், மூடி கழற்றிய வால்வு ரேடியோ ஒன்று. பம்பு வேலை குறைகிற மழை மாதங்களில்தான் பழைய சாமான்களுக்குக் கை ஒழியுமாம்.

பழைய பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு அண்ணாச்சி சொல்லும் முதல் பாடம், கடையிலேயே பிளக்கைச் சொருகிப் பார்க்காதே என்பது. "அம்பது வருசம் சும்மா கெடந்த மிசினுக்கு ஒடனே கரண்ட் குடுத்தா, நல்லா இருக்கிற காயிலும் போயிரும் தம்பி." முதலில் அச்சைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது உரசுகிறதா, மேலும் கீழும் ஆட்டம் இருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். ஆட்டம் இருந்தால் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அதைக் கடைசல் பட்டறையில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அடுத்தது மூக்கு. மூடியைத் திறந்ததும் கருகிய வாடை வந்தால் காயில் போய்விட்டது. அதற்கடுத்து திருகாணிகள். அவற்றின் தலையில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய தழும்பு இருந்தால் முன்பே யாரோ பிரித்திருக்கிறார்கள். உள்ளே எல்லாம் அந்தந்தப் பொருளின் சொந்த உறுப்புகள்தானா என்று அப்போது சந்தேகப்பட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் சீரிஸ் பல்பு. ஒரு சாதாரணக் குண்டு பல்பை வரிசையில் இணைத்து அதன் வழியாகப் பொருளுக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து அந்த வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், பொருளுக்குச் சேதமில்லை. மங்கலாக எரிந்தால் மேற்கொண்டு போகலாம். பழைய ரேடியோக்களில் ஏசி, டிசி இரண்டிலும் ஓடுகிற வகை உண்டு. அவற்றில் மின்கம்பியின் ஒரு முனை உள்சட்டத்தோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக் மாறிச் சொருகப்பட்டால் சட்டம் முழுக்க 230 வோல்ட். மூடியில்லாத நிலையில் அதைத் தொடுவது உயிருக்கு ஆபத்து.

பொருளின் வயதைக் கண்டுபிடிப்பது துப்பறிகிற வேலை. கடைக்காரர்கள் எதைக் கேட்டாலும் வெள்ளைக்காரன் காலத்தது என்பார்கள். பெயர்த்தகடு வேறு கதை சொல்லும். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அடித்த தகடு. அன்றுதான் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியது என்று கொள்ளலாம். ஐஎஸ்ஐ முத்திரை 1950களின் நடுவில்தான் தொடங்கியது, அதைத் தாங்கிய பொருள் சுதந்திரத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. மெட்ரிக் அளவுகள் 1958-லிருந்து படிப்படியாக வந்தன. இறக்கை வீச்சு 48 அங்குலம் என்று இருக்கிறதா, 1200 மில்லிமீட்டர் என்று இருக்கிறதா என்பதும் ஒரு தடயம். மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸ் என்று சொல்லும் வழக்கம் 1960-இல் உலக அளவில் ஏற்கப்பட்டது. தகட்டில் 50 சைக்கிள் என்று இருந்தால் அதன் வயது கூடுதலாக இருக்கக்கூடும்.

வெளிநாட்டுப் பொருளுக்கு நாட்டின் பெயரே சான்று. செட்டிநாட்டு எனாமல் பாத்திரங்களில் செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் அந்த நாடு பிறந்த 1918-க்குப் பிந்தியது. மேற்கு ஜெர்மனி என்றால் 1949-க்குப் பிந்தியது. சிங்கர் தையல் இயந்திரத்தில் வேலை இன்னும் சுலபம். அந்த நிறுவனம் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எண் கொடுத்துப் பதிவேடு வைத்திருந்தது. 1900 வரை வெறும் எண், அதன் பிறகு முன்னால் எழுத்து சேர்ந்தது. ஒய் என்று தொடங்கும் எண் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்ததைக் குறிக்கும். ரேடியோவுக்கு லைசன்ஸ் புத்தகம் துணை நிற்கும். 1980கள் வரை வீட்டு ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சிறு புத்தகம் பெட்டியோடு கிடைத்தால் அஞ்சல் முத்திரையின் தேதியே போதும், வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

தகடு உற்பத்தியான காலத்தைச் சொல்கிறது. அதற்குப் பிந்திய வாழ்க்கையைச் சொல்வது உள்ளே இருக்கும் காயில். இதை அண்ணாச்சியிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர் ஒரு சீலிங் ஃபேனின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். கம்பியின் மேல் பருத்தி நூல் சுற்றியிருந்தால் பழைய வழக்கம். எனாமல் பூசிய கம்பியாக இருந்தால் பிந்தியது அல்லது மறுபடி கட்டியது. மூடியின் உள்பக்கம் யாரோ ஒரு மெக்கானிக் பென்சிலால் தேதியும் கம்பிப் பருமனின் கேஜ் எண்ணும் எழுதியிருந்தார். எந்த ஊர்க் கை, யாருடைய முடிச்சு என்பது வரை அண்ணாச்சியால் ஊகிக்க முடிகிறது. "இது அருப்புக்கோட்டைக் கட்டு" என்றார். நூல் கட்டிய விதத்தைப் பார்த்தே சொன்னார்.

காயில் கட்டுவதை அருகிருந்து பார்த்தால்தான் அதில் உள்ள பொறுமை புரியும். சீலிங் ஃபேனில் காயில் இருக்கும் ஸ்டேட்டர் நடுவில் அசையாமல் நிற்க, வெளிக்கூடுதான் சுற்றுகிறது. பழைய காயிலை வெட்டி எடுப்பதற்கு முன் சுற்றுகளை எண்ணி, கம்பியின் பருமனைக் கேஜில் பார்த்து, எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்குத் தாவுகிறது என்று வரைந்துகொள்கிறார்கள். நெருப்பிலிட்டு எரித்தால் வேலை சீக்கிரம் முடியும். அண்ணாச்சி அதைச் செய்வதில்லை. இரும்புத் தகடுகளுக்கு இடையே உள்ள காப்புப் பூச்சு எரிந்துபோனால் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மோட்டார் சூடாகிக்கொண்டே இருக்கும் என்கிறார். பிறகு குழிகளைச் சுத்தம் செய்து, அக்கா வெட்டி வைத்த பேப்பரைச் செருகி, 36 கேஜ் கம்பியைச் சுற்ற ஆரம்பிக்கிறார்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 36 கேஜ் என்பது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒரு கீறல் விழுந்தால் உள்ளேயே ஷார்ட், மொத்தக் காயிலும் வீண். அதனால் இழுக்கவும் கூடாது, தளரவும் கூடாது. எண்ணிக்கை தவறாமல் இருக்க அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை. கட்டி முடித்து, இணைப்புகளுக்கு ஸ்லீவ் போட்டு, மெக்கர் கருவியில் காப்புத்தடையைச் சோதித்து, வார்னிஷ் ஊற்றி வெயிலில் வைக்கிறார்கள். மேகம் போட்டால் குண்டு பல்பு எரியும் தகரப்பெட்டிக்குள் போகும்.

இயந்திர மோகத்தால் மட்டும் இந்தப் பொருட்களுக்கு மதிப்பு வந்துவிடவில்லை. பட்டறையில் இருந்த கல் கிரைண்டர் ஒரு வீட்டுப் பெண்ணுக்குச் சீர்வரிசையாக வந்தது. கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955-இல் மாவாட்டும் இயந்திரத்தை உருவாக்கியதாகத் தொழில் வரலாறு சொல்கிறது. ஆட்டுக்கல்லின் முன் குந்தி உட்கார்ந்து தோள் வலிக்க மாவாட்டிய பெண்களுக்கு அது எப்பேர்ப்பட்ட விடுதலை! மேலை நாட்டு மிக்சிகள் நம்முடைய ஊறப்போட்ட பருப்புக்கும் காய்ந்த மிளகாய்க்கும் தாங்காமல் புகைந்ததைக் கண்டு, சத்ய பிரகாஷ் மாத்தூர் 1960களில் வலுவான மோட்டாரோடு சுமீத் மிக்சிக்கு வழி கண்டார். அந்தக் கிரைண்டரை எடுத்து வந்த குடும்பம் புதியது வாங்க முடியாமல் அதைக் கொண்டு வரவில்லை. அம்மா கை பட்டது, ஓடணும் என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் இங்கே பழுதுக்கு வருகின்றன. முதன்முதலாக ஒரு மிக்சி தன் பெயருக்கு வந்த பெண்களின் பொருட்கள் அவை. இன்னும் ஐம்பது ஆண்டில் அவையும் இந்த மாநிலத்தின் வரலாற்றுச் சான்றாக நிற்கும்.

புதுப்பிப்பதில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் அண்ணாச்சிக்குத் தெளிவான கொள்கை உண்டு. உயிரைக் காக்கிற இடத்தில் பழமைக்குச் சலுகை இல்லை. ரப்பர் வெடித்த, நூல் சுற்றிய பழைய வயரை மாற்றியே ஆக வேண்டும். இரண்டு பின் பிளக்கோடு வந்த இரும்பு உடம்புக்கு எர்த் கொடுத்து மூன்று பின் ஆக்க வேண்டும். வால்வு ரேடியோவில் உள்ள பேப்பர் கண்டன்சர்கள் கசியும், அவற்றை நம்பக்கூடாது. பழைய இஸ்திரிப் பெட்டியின் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் அட்டை இருக்கக்கூடும், அதைச் சுரண்டித் தூசியாக்கினால் நுரையீரலுக்குக் கேடு. மற்ற எதையும் அவசரப்பட்டு அழகாக்கக் கூடாது. பெயர்த்தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழுத்தும் வயதும் சேர்ந்தே போய்விடும். மூல வண்ணம் ஒரு பக்கம் தேறினாலும் அதை அப்படியே விட்டு, துரு பிடித்த இடத்தை மட்டும் காப்பதே முறை.

சந்தை இதற்கு நேர்மாறாக நடக்கிறது. பாலிஷ் போட்ட பித்தளைக்கு விலை ஏறுகிறது. உள்ளே காயில் கட்டியவருக்குப் பம்பு மோட்டாருக்குக் கிடைக்கிற கூலிதான். "வாங்குறவங்க வெளிய பாக்குறாக, நாங்க உள்ள பாக்குறோம்" என்றார் அக்கா. குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். ஆனால் இதை நடப்பு என்று நாம் விட்டுவிடக் கூடாது.

பட்டறையின் அலமாரியில் மூன்று நீள நோட்டுகள் இருந்தன. அண்ணாச்சி தன் குருவிடம் சேர்ந்த நாள் முதல் கட்டிய ஒவ்வொரு மோட்டாரின் விவரமும் அவற்றில் இருக்கிறது. கம்பெனி, மாடல், ஸ்லாட் எத்தனை, காயில் எத்தனை, கேஜ், சுற்று, பிட்ச், கண்டன்சர் அளவு. நின்று போன கம்பெனிகளின் மின்விசிறிகள், இன்று யாரும் செய்யாத கிரைண்டர் மோட்டார்கள் எல்லாம் அவருடைய கையெழுத்தில் வரைபடத்தோடு இருக்கின்றன. எண்ணெய் பட்டு ஓரம் பழுத்த அந்தத் தாள்கள் இல்லாமல் போனால், எரிந்த காயிலோடு வரும் ஒரு பழைய மின்விசிறியைத் திரும்ப அதன் சொந்த வேகத்துக்குக் கொண்டுவர ஊகத்தைத் தவிர வழி இருக்காது. ஐடிஐ இளைஞர் ஒரு நோட்டைக் கைப்பேசியில் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறார். பாடப்புத்தகத்தில் இல்லாதது இதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இப்படிப்பட்ட நோட்டுகள் பல அலமாரிகளில் இருக்கும். தொழிற்பயிற்சி நிலையங்கள் தங்கள் வட்டாரப் பட்டறைகளுக்கு மாணவர்களை அனுப்பி இவற்றைப் படியெடுக்கலாம், அதற்குப் பெரிய செலவு ஆகாது. பழம்பொருள் விற்பவர்கள், காயில் கட்டியவரின் பெயரும் தேதியும் கேஜும் எழுதிய ஒரு சீட்டைப் பொருளோடு கொடுக்கலாம். வாங்குகிறவர்கள் அந்தச் சீட்டைக் கேட்க வேண்டும், அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கொடுக்கவும் வேண்டும். ஓடாத மின்விசிறியைப் பளபளப்பாக்கி வைப்பது பொருளைச் சேர்ப்பது. அதை ஓட வைப்பவருக்கு உரியதைக் கொடுத்தால்தான் அதைச் செய்த, பழுது பார்த்த, பயன்படுத்திய எல்லோரின் அறிவும் நம்மோடு தங்கும்.