சந்தியாகப்பர் நகரும் நம் திண்டுக்கல்லும்

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையிலே, திருத்தூதர் பெரிய யாகப்பரின் கல்லறை உள்ளதென வழிவழியாக நம்பப்படும் சந்தியாகோ நகர் உள்ளது. ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் யாத்திரிகர் அந்நகரை நோக்கி நடந்து செல்வர். குறைந்தது நூறு கிலோமீட்டரையாவது கால்நடையாகக் கடந்தோர்க்கு அங்கே சான்றிதழ் தருகின்றனர். நம் பங்குகளில் சந்தியாகு என்று பெயர் தாங்கியோர் எத்தனை பேர்! அப்பெயர் போர்த்துக்கீசியரோடு கடல் கடந்து வந்து, தமிழ் நாவிலே குழைந்து நம்முடையதாயிற்று.

அத்துணைத் தொலைவு செல்ல நம்மால் ஆகாது. ஆயினும் யாத்திரை வழியில் அமைந்த பழம்பதி ஒன்றில் உலவிவர விரும்பினால், திண்டுக்கல்லே போதும்.

காலையில் மலைக்கோட்டை ஏறுவதே நன்று. வெயில் ஏறிவிட்டால் பாறை அடுப்பாகிவிடும். திண்டு போன்ற கல் ஆதலால் ஊருக்கே அப்பெயர் வந்தது என்பர். 1605ஆம் ஆண்டில் மதுரை முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் இது ஆங்கிலேயர் வசமாயிற்று. பீரங்கிகளையும் சிறை அறைகளையும் கடந்து உச்சிக்குச் சென்றால் பழைய கோயிலொன்று நிற்கிறது. அதன் கருவறையில் மூர்த்தி இல்லை. காற்று மட்டும் ஓயாது வீசுகிறது. ஒருபுறம் சிறுமலை, மேற்கே கோடைக்கானல் மலைத்தொடர். நடுவே சமவெளி முழுதும் தென்னையும் வயலும் வீடுமாய் விரிந்து கிடக்கிறது.

கீழிறங்கிப் பேகம்பூர் சென்றோமானால், ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் கல்லறை பள்ளிவாசலை ஒட்டி அமைந்துள்ளதைக் காணலாம். அப்பகுதியே அவர் பெயரைச் சுமக்கிறது. நகருக்குள் புனித வளனார் பேராலயம் உள்ளது. 1866 முதல் 1872 வரை கட்டப்பட்ட இவ்வாலயம், நெடுங்காலம் திருச்சி மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 2003 நவம்பர் 10இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது பேராலயமாயிற்று. வழியில் பூட்டுக் கடைகள் கண்ணில் படும். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தும், கையால் பூட்டுச் செய்வோர் தொகை குறைந்துகொண்டே வருகிறது.

ஆயினும் இந்நகரைச் சந்தியாகோவின் வழியில் உள்ள ஊர்களோடு ஒப்பிடத் தூண்டுவது கட்டடங்களல்ல. தை மாதத்திலே இவ்வழியே பழனிக்கு நடப்போரின் கூட்டமே அது. செட்டிநாட்டிலிருந்து நத்தம் வழியாகக் காவடி ஏந்தி வருவோர், சந்தியாகோவில் கேட்கும் நூறு கிலோமீட்டரைத் தாண்டியே நடக்கின்றனர், அதுவும் வெறுங்காலுடன். சான்றிதழ் எதையும் அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. நெடுஞ்சாலையில் விரையும் லாரிகளுக்கு நடுவே, முதுகில் ஒளிரும் பட்டையை ஒட்டிக்கொண்டு இரவிலும் நடக்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் அஞ்ச வேண்டிய ஆபத்து இது. நடப்போர்க்கெனத் தனிப் பாதை எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் உயிர் பிழைக்கிறது. சாலையை அகலமாக்கத் தெரிந்த நாம் ஓரத்தில் நான்கடி ஒதுக்க ஏன் தயங்குகிறோம்?

நடந்து வருவோர்க்கு மோரும் தண்ணீரும் கொடுப்போர் இன்ன மதத்தினர் என்று நாம் பார்ப்பதில்லை. அவர்களும் பார்த்தே வாங்குவதில்லை. அதே உள்ளத்தை ஆகஸ்டு மாதம் முத்தழகுபட்டியில் காணலாம். புனித செபஸ்தியார் திருவிழாவிற்கு நேர்ந்துகொண்டோர் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து குவிப்பர். இரவெல்லாம் அண்டாக்கள் கொதிக்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே பந்தியில் அமர்வர். கறிச்சோற்றின் மணம் தெருக்கோடிக்கு அப்பாலும் வரும். மலைக்கோட்டையில் நின்று பார்த்தால் புகை தெரியும். பந்தி முடிந்ததும் சிலர் எஞ்சிய சோற்றைப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு, வர இயலாத முதியோர்க்கென வீடு நோக்கி நடப்பர்.