மட்டையும் மூன்று எழுத்தும்

கடையிலே ‘ஓ.எப்.எப்.’ என்ற மூன்று எழுத்தைக் கண்டால் யாருக்குத்தான் மனம் குளிராது? விலையில் ஏதோ தள்ளுபடி என்றே நானும் எண்ணினேன். மேசைப்பந்து மட்டையின் உறையில் அவ்வெழுத்துக்களுக்கு வேறு பொருள் உண்டென்பது, கண்டியில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் புகையிரதத்தில் தலவாக்கலையைத் தாண்டி வட்டகொடையில் வந்து இறங்கும் வரையிலும் எனக்குத் தெரியாது.

மட்டை என் தங்கை மகளுக்கு. பாடசாலைக் குழுவில் அவளைச் சேர்த்திருந்தார்கள். சொந்த மட்டை வேண்டுமென்று ஆசிரியர் சொல்லியனுப்ப, கொழுந்து பறித்த சம்பளத்தில் கட்டி வந்த சீட்டை எடுத்து, “அண்ணே, நல்லதாப் பாத்து வாங்கிட்டு வாங்க” என்று தங்கை என் கையில் வைத்தாள். நல்லது என்றால் விலை கூடியது என்பது என் அகராதி. அதிலும் தள்ளுபடி என்றால் விடுவேனா? கடையிலேயே இறப்பரையும் ஒட்டுவித்துக் கொண்டு வந்தேன்.

ஒரு கிழமை கழித்துப் பிள்ளை வாடிய முகத்தோடு வந்தாள். “மாமா, தொட்டாலே பந்து மேசைக்கு அப்பால போயிடுது.” போட்டியின் முதற் சுற்றிலேயே தோற்றிருந்தாள். இறப்பர் ஒட்டிய மட்டையைத் திரும்ப எடுக்க முடியாது என்று கடைக்காரர் கையை விரித்தார். தங்கையோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அதன் பிறகே அந்த எழுத்துக்களைப் படிக்க உட்கார்ந்தேன். ‘ஓ.எப்.எப்.’ என்பது தாக்கி ஆடுவோருக்கான வேக மட்டை. ‘டி.ஈ.எப்.’ தடுத்தாடுவோருக்குரிய மெதுவான மட்டை. ‘ஏ.எல்.எல்.’ இரண்டுக்கும் இடைப்பட்டது. கை பழகும் பிள்ளைகளுக்கு ஏற்றது. பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் சற்று வேகம் கூடுதல், கழித்தல் குறியானால் குறைவு. நான் வாங்கியதில் கூட்டல் குறி வேறு! இவற்றுக்குப் பொதுவான தராசு கிடையாது. உற்பத்தியாளர் அவரவர் கணிப்பே. ‘எப்.எல்.’ அடி விரிந்த கைப்பிடி, ‘எஸ்.டி.’ நேரானது, ‘ஏ.என்.’ உள்ளங்கையில் பொருந்தும்படி நடுவில் புடைத்தது.

இன்னொரு மூன்றெழுத்தும் இருந்தது: ‘ஏ.எல்.சி.’ அரிலேற்று நாரையும் காபன் நாரையும் சேர்த்து நெய்த மெல்லிய துணியை மர ஏடுகளுக்கிடையே ஒட்டியிருக்கிறார்கள். காபன் வேகத்தைக் கூட்டும். அரிலேற்று அதிர்வைத் தணிக்கும். ஆனாலும் மட்டை முழுவதையும் நாராக்க விதி இடந்தராது. தடிப்பில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருத்தல் வேண்டும். ஒரு நார் அடுக்கு மொத்தத் தடிப்பில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மில்லிமீற்றர், இவற்றுள் எது குறைவோ அதனை மீறலாகாது. ஆக, 6 மில்லிமீற்றர் மட்டையில் 5.1 மில்லிமீற்றராவது மரமே.

மரம் என்றதும் எனக்குத் தேயிலைப் பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது. என் சிறு வயதில் ஸ்டோரிலிருந்து தேயிலை, ஓரங்களில் தகரப் பட்டை அடித்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேதான் போகும். (இப்போது காகிதப் பைகள்.) உடைந்த பெட்டியின் பலகையைத் தச்சரிடம் கெஞ்சி அறுத்து வாங்கினால் அதுவே எங்கள் மட்டை. ஒரு ஏட்டின் நார் நெடுக்காக ஓடினால் அடுத்ததன் நார் குறுக்காக ஓடும். ஆதலால் பலகை எளிதில் பிளக்காது. விலையுயர்ந்த மட்டையின் அடிப்படையும் இதுதான்! வெளியே லிம்பா, உள்ளே அயூஸ் என்று ஆபிரிக்க மரங்களை அடுக்குகிறார்கள், அவ்வளவே. ஜப்பானியர் ஹினோக்கி மரத்தை ஒரே பலகையாகச் செதுக்குவதும் உண்டு.

எங்கள் மட்டையில் இறப்பர் ஏது? பந்து பட்டால் ‘டொக்’ என்று கேட்கும். அச்சத்தத்தைக் கொண்டே எதிராளியின் அடியைக் கணிப்போம். 1952இல் பம்பாய் உலகப் போட்டிக்கு ஹிரோஜி சாத்தோ என்ற ஜப்பானியர் தடித்த பஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்தார். சத்தமே எழவில்லை. பெரிய வீரர்களும் திகைத்துப் போனார்கள். ஆடவர் தனிநபர் பட்டம் அவருக்கே கிடைத்தது. இன்று இறப்பரும் பஞ்சும் சேர்ந்து 4 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது.

இரண்டாவது மட்டையை என் பணத்தில் வாங்கினேன். ஐந்து ஏடு, முழுவதும் மரம், ‘ஏ.எல்.எல்.’ இம்முறை பிள்ளையும் கூட வந்தாள். இறப்பர் ஒட்டுமுன் விரல் முட்டியால் பலகையைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டாள். நான் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

வேக மட்டை என் இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. விற்றுவிடலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம் மாமா. மூணு வருஷம் வச்சிருங்க” என்றாள்.