மெட்டி இறுகிய விரல்

எங்கள் வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "வலிக்குதா?" வலிக்கிறது என்றால் வெந்நீர் ஒத்தடம், தைலம், அதற்கும் கேட்காவிட்டால் ஆஸ்பத்திரி. வலிக்கவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பெரியம்மாவின் கால்கள் அப்படித்தான் யாருடைய கவனத்துக்கும் வராமல் மாதக்கணக்கில் வீங்கிக்கொண்டிருந்தன. சாயங்காலமானால் கணுக்கால் மொழி தெரியாது. கட்டைவிரலால் அமுக்கினால் வடை மாவில் விரல் பட்ட மாதிரி குழி விழும். அது மேலே எழும்ப நேரம் பிடிக்கும். "விடுங்கடி, விடிஞ்சதுலேர்ந்து அடுப்படியிலேயே நின்னா யாருக்குத்தான் வீங்காது" என்று புடவைக் கொசுவத்தை இழுத்து மூடிக்கொள்வாள்.

கடைசியில் வீட்டை உலுக்கியது மெட்டி. வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்து விரல் கறுக்கத் தொடங்கியபோதுதான் பத்தருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் சின்னக் கத்தரியால் அதை வெட்டி எடுத்தார். பெரியப்பா உயிரோடு இருக்கும்போது மெட்டியை வெட்டுவதா என்று பாட்டி அழுதாள். அவள் அழுதது மெட்டிக்காக. மெட்டி ஏன் இறுகியது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

பிறகு மூக்கிரட்டைக் கீரை வந்தது, பார்லிக் கஞ்சி வந்தது, நீர்முள்ளிக் கஷாயம் வந்தது. இவை சிறுநீரைப் பெருக்கும் என்று சித்த வைத்தியத்தில் காலங்காலமாகக் கொடுத்துவருகிறவை. வீக்கம் கொஞ்சம் வடியும், மறுபடி ஏறும். உடம்பு எங்கேயோ நீரைத் தேக்கிக்கொண்டே இருந்தால் வடிப்பது மட்டும் எத்தனை நாளைக்கு?

கும்பகோணத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வயதான டாக்டர் இருந்தார். அவர் பெரியம்மாவின் காலை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். சாய்த்துப் படுக்கவைத்து, வெளிச்சம் விழும்படி முகத்தைத் திருப்பி, கழுத்து நரம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கறேள்?" என்று கேட்டார். கால் வீக்கத்துக்கு வந்தவளிடம் தலையணையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியம்மா மெதுவாக, "மூணு" என்றாள். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதை அவள் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கோளாறு காலில் இல்லை, இதயத்தில். சிறுவயதில் அவளுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்திருக்கிறது. தொண்டைப் புண்ணில் தொடங்கி, முழங்கால்களில் வலியும் காய்ச்சலுமாகக் கிடந்து, எழுந்து பள்ளிக்கூடம் போய்விட்டாள். மூட்டு சரியாகிவிட்டது, இதய வால்வில் விழுந்த வடு மட்டும் இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே வந்தது. வால்வு குறுகினால் முதலில் நுரையீரலில் தேக்கம், பிறகு இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து, சிரைகளில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் நீரை ரத்தக் குழாயிலிருந்து வெளியே தள்ளுகிறது. நீர் தாழ்வான இடத்துக்குத்தான் போகும். நிற்கிறவர்களுக்குத் தாழ்வான இடம் பாதம். படுத்தே கிடக்கிற நோயாளிக்கு அதே நீர் இடுப்பின் பின்பக்கம் தேங்கும். அங்கே யாரும் அமுக்கிப் பார்ப்பதில்லை.

கால் வீக்கம் என்றால் எனக்குச் சிறுவயது ராத்திரிகளும் நினைவுக்கு வருகின்றன. பத்து மணிக்கு மேல், ஊர் அடங்கிய பிறகு, யானைக்கால் நோயைத் தேடிப் பைலேரியாக்காரர்கள் வருவார்கள். கையில் டார்ச், கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய பெட்டி. தூங்கும் பிள்ளைகளை எழுப்பி விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். நாங்கள் அலறுவோம். தெருக்கோடியில் பூக்கட்டும் அக்காவுக்குத்தான் இடது கால் முழங்காலுக்குக் கீழே தடித்து மடிப்பு மடிப்பாக இருந்தது. அவளை விட்டுவிட்டு நல்ல கால் உள்ள எங்களை ஏன் குத்துகிறார்கள் என்று எங்களுக்கெல்லாம் கோபம்.

காரணம் தெரிந்தபோது அந்த ராத்திரி வேலையின் மேல் பெரிய மரியாதை வந்தது. யானைக்கால் நோயின் புழுக்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் குழாய்களில் ஒடுங்கியிருந்துவிட்டு, இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரைதான் தோலடி ரத்தத்தில் மிகுதியாக நடமாடும். சாக்கடைக் கொசு கடிக்க வரும் நேரமும் அதுதான். கால் வீங்கிப்போனவர் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுகள் கிடைக்காது. நிணநீர்க் குழாய்களில் நடந்த சேதம்தான் மிச்சம் இருக்கும். குஞ்சுகளைச் சுமப்பவர்களுக்கோ பெரும்பாலும் காலில் ஒரு வீக்கமும் இருக்காது. 1872இல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் மனித ரத்தத்தில் இந்தக் குஞ்சுகளைக் கண்டார். 1877இல் சீனத்து அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கொசுவின் உடலில் அவை வளர்வதைக் கண்டார். ஒரு பூச்சி மனித நோயைச் சுமக்கிறது என்று உலகம் கற்ற முதல் பாடங்களில் ஒன்று அது. ஆனால் பூக்காரி அக்கா தெருவில் நடந்தால், ஏதோ முன்வினை என்றுதான் ஊர் பேசியது. அந்தப் பேச்சை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவளுக்கும் முதலில் வலியில்லாத வீக்கம்தான். காலையில் வடிந்துவிடும், சாயங்காலம் வரும். எப்போதாவது தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர்காய்ச்சல் வரும், நாலு நாளில் போய்விடும். ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் தடிக்கவைத்துவிட்டுப் போகும். அந்தக் காய்ச்சலைக் கொண்டுவருவது பெரும்பாலும் விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியாக நுழையும் கிருமி என்பதும், தினம் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரம் போகத் துடைத்து, காலை உயர்த்தி வைத்தாலே அந்தக் காய்ச்சல் குறையும் என்பதும் அவளுக்குத் தெரியவந்தது மிகத் தாமதமாகத்தான். தடித்த கால் பழையபடி ஆகவில்லை. ஆனால் காய்ச்சல் வருவது அபூர்வமாகிவிட்டது. 2004 முதல் நாடெங்கும் நோய் உள்ள மாவட்டங்களில் வருஷத்துக்கு ஒரு முறை வீடுவீடாக, இந்தக் குஞ்சுகளைக் கொல்லும் டிஇசி மாத்திரை கொடுத்தார்கள். நல்லா இருக்கிறவனுக்கு எதற்கு மாத்திரை என்று வாங்கி அலமாரியில் போட்டவர்கள் நிறையப் பேர். நல்லா இருக்கிறவனுக்காகத்தான் அந்த மாத்திரையே.

பெரியம்மாவின் மெட்டி விரலை நான் பல வருஷம் கழித்து மறுபடி நினைத்துக்கொண்டது ஒரு மருத்துவ முகாமில். வீக்கம் நிணநீரால் வந்ததா என்று பார்க்க, கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்க்கிறார்கள். தோல் மடிந்து கைக்கு வந்தால் பெரும்பாலும் நிணநீர்த் தேக்கம் இல்லை. கிள்ளவே வராமல் தடித்திருந்தால் அது நிணநீராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்டெம்மர் என்ற டாக்டர் 1976இல் எழுதிவைத்த சோதனை. நம் பெண்கள் மெட்டி போடும் அதே விரல், அதே இடம். தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கும்போது எத்தனை கைகள் அந்த இடத்தைத் தொட்டுப் போகின்றன!

எல்லா வீக்கமும் குழி விழுவதும் இல்லை. தைராய்டு சுரப்பு குறைந்த என் சித்திக்கு முன்னங்கால் தோல் தடித்திருந்தது, அமுக்கினால் பள்ளமே இல்லை. குரல் கரகரத்து, மலம் கட்டி, வெயில் காலத்திலும் போர்வை கேட்டாள். மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் காலும் குரலும் சேர்ந்தே திரும்பின. சிறுநீரகத்தால் வருகிற வீக்கம் இன்னொரு விதம். காலையில் எழுந்ததும் கண்ணிமையும் முகமும்தான் முதலில் ஊதியிருக்கும், சிறுநீர் நுரைக்கும். 1827இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். அது முட்டை வெள்ளை திரிவது போலத் திரிந்தது. ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்க வேண்டிய புரதம் சிறுநீரகத்தின் வழியாக ஒழுகிப்போகிறது என்பதற்கு அந்தக் கரண்டியே சாட்சி. ஈரல் கெட்டால் அந்தப் புரதம் உற்பத்தியாவதே குறையும். அப்போது வயிறும் நீர் கோத்து முன்னால் வரும்.

அப்பாவின் கதை இவற்றையெல்லாம்விட எளிது, அதனாலேயே நீண்டுபோனது. அவருக்கு ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். 5 மில்லிகிராமை 10 ஆக்கினார்கள். சில வாரங்களில் இரண்டு கணுக்காலும் உப்பிவிட்டது. செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரிவரை போகாது. வேறொரு இடத்தில் காட்டியதில் நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதினார்கள். ராத்திரி நான்கு முறை எழுந்தார், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது, வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. இருக்கத்தானே செய்யும்? அவர் உடம்பில் நீர் அதிகமாகவில்லை. அந்த மாத்திரை நுண்குழாய்களுக்கு ரத்தம் வரும் வழியை நன்றாகத் திறந்துவிடுகிறது, திரும்பிப் போகும் வழியை அவ்வளவு திறப்பதில்லை. நடுவில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. கடைசியில் ஒரு இளம் டாக்டர் அவருடைய மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பச் சொன்னார். அம்லோடிபினைக் குறைத்து வேறு மருந்து சேர்த்தார், நீர் மாத்திரையை நிறுத்தினார். மூன்றாவது வாரம் அப்பாவின் கணுக்கால் மொழி தெரிந்தது. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கித் தின்னும் டைக்ளோபினாக், ஸ்டீராய்டு, சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன், நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரீகாபலின், இவையும் காலை வீங்கவைக்கும். தானாக நிறுத்திவிடக் கூடாது, ஆனால் அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும்.

"வலிக்குதா?" என்ற கேள்வி என்னை மிகவும் அலைக்கழித்தது எனக்குத் தெரிந்த ஒரு கணக்கு டீச்சர் விஷயத்தில். இருபது வருஷத்துச் சர்க்கரை. ஒரு நாள் வலது பாதம் மட்டும் வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் இடது பாதத்தைவிடச் சூடு. "வலியே இல்லைம்மா, பஸ்ஸுல இறங்கும்போது லேசாப் பிசகியிருக்கும்" என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியவில்லை. புண் ஒன்றும் இல்லாமலே கிருமி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்கள். டீச்சர் பள்ளிக்கூடம் போனார், கரும்பலகை முன் நின்றார், மாடி ஏறினார். இரண்டு மாதத்தில் உள்ளங்கால் வளைவு இடிந்து, பாதம் கீழ்ப்பக்கமாகப் புடைத்துவிட்டது.

அதற்குச் சார்கோ பாதம் என்று பெயர். பாரிஸில் ழான் மார்ட்டின் சார்கோ 1868இல் இதை விவரித்தபோது காரணம் மேகநோய். சர்க்கரைக்காரர்களுக்கும் இது வரும் என்று 1936இல் எழுதியவர் ஜோர்டான். உணர்ச்சி நரம்பு செத்த பாதத்தில் சின்னஞ்சிறு எலும்பு விரிசல் விழுகிறது. வலித்திருந்தால் நொண்டியிருப்பார், உட்கார்ந்திருப்பார், எலும்பு கூடியிருக்கும். வலி இல்லாததால் அதன் மேலேயே நடக்கிறார். ஒவ்வொரு அடியும் எலும்பை நொறுக்குகிறது, அழற்சி மிச்சத்தைக் கரைக்கிறது. முதல் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். சர்க்கரை உள்ளவரின் ஒரு பாதம் மட்டும் வீங்கி, சூடாக, வலியில்லாமல் இருந்தால் அது சார்கோ இல்லை என்று உறுதியாகும்வரை அந்தப் பாதத்தைத் தரையில் ஊன்றவே கூடாது. முதல் வாரமே மாவுக்கட்டுப் போட்டிருந்தால் டீச்சரின் பாதம் பாதமாகவே இருந்திருக்கும். பிறகு மாதக்கணக்கில் கட்டோடு கிடந்தார். இப்போது அளவெடுத்துத் தைத்த ஷூ. கோயில் பிராகாரத்துக் கல் உச்சி வெயிலில் பாதத்தைச் சுட்டாலும் தெரியாது என்பதால் வெயில் தாழ்ந்த பிறகே போகிறார், தடித்த சாக்ஸோடு.

ஒரு காலில் மட்டும், அதுவும் இரண்டொரு நாளில் திடீரென்று ஏறிய வீக்கம் என்றால் யாராக இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அது எல்லோருக்கும் வலிப்பதில்லை, நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது சகஜம்தான்; கூடவே முகமும் கையும் வீங்கினால், தலைவலித்துக் கண் மங்கினால், ரத்த அழுத்தம் பார்க்காமல் ஒரு ராத்திரிகூடத் தள்ளக் கூடாது.

இத்தனைக்கும் அப்பால், பெரியம்மா சொன்னதும் பலருக்கு உண்மைதான். நிற்பதாலும் வீங்கும். நடந்தால் கெண்டைத்தசை சுருங்கிச் சுருங்கிச் சிரைகளின் ரத்தத்தை மேலே பிழிந்து ஏற்றும். அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது. சிரை வால்வுகள் தளர்ந்து, நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலருகே தோல் பழுப்பாகி, கடைசியில் ஆறாத புண்ணாகும். அக்கா மகள் சென்னையில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பதுவரை. கூட்டம் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது என்பது எத்தனை கொடுமை! கேரளத்துப் பெண் தொழிலாளர்கள் போராடி 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். 2021இல் தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. அவள் கடையில் ஸ்டூல்கள் வந்திருக்கின்றன. வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரலாம். தீபாவளி மாதத்தில் வாடிக்கையாளர் இல்லாத நேரம் ஏது?

போன முறை வந்தபோது கொலுசு கழற்ற வரவில்லை என்று சோப்பு நுரை போட்டு உருவிக்கொண்டிருந்தாள். "வலியெல்லாம் இல்ல சித்தி" என்று அவளாகவே முந்திக்கொண்டு சொன்னாள். இரண்டு காலிலும் ஒரே மாதிரியான வீக்கம், காலையில் வடிந்துவிடுகிறது, மூச்சுத் திணறல் இல்லை, இடது கெண்டைக்காலின் பின்னால் நீலமாக ஒரு நரம்பு நெளிந்திருக்கிறது. வார விடுமுறையில் ஒரு ரத்தநாள டாக்டரிடம் டாப்ளர் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்குள் ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.