ஒரு பவுன் என்ன விலை?

நான் லண்டன் போன நாளிலிருந்து அம்மா போனில் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஒரு பவுன் இன்னிக்கு என்ன விலைடா?" அவள் கேட்பது தங்கத்தை அல்ல, பவுண்டை. மன்னார்குடியில் எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஆரம்பத்தில் திருத்தப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் சொல்வதில் தப்பே இல்லை என்று. நாம் பவுன் என்று நிறுக்கும் எட்டு கிராம், இங்கிலாந்தின் சவரன் காசின் எடை. சரியாகச் சொன்னால் 7.98 கிராம். அந்தக் காசின் முகமதிப்பு இன்றைக்கும் ஒரு பவுண்டு. காசை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், எடை நம் ஊர் நகைக்கடையில் தங்கிவிட்டது.

2020-இல் லண்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. பொருளாதாரத்துக்கு இடம் கிடைத்தது. கல்விக்கடன் 25 லட்சம். ஏழரை லட்சத்தைத் தாண்டியதால் வங்கி ஈடு கேட்டது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, வக்கீலின் கருத்து என்று அப்பா ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று வாரம் அலைந்தார். விசாவுக்குக் கணக்கில் 28 நாள் தொடர்ந்து பணம் நிற்க வேண்டும். அதில் விழுந்த பள்ளத்தை அம்மாவின் 14 பவுன் அடைத்தது. தங்கம் அதுவரை காணாத உச்சத்தில் இருந்த ஆகஸ்ட் அது. சென்னையில் பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. போதாக்குறைக்கு, கொரோனாவை முன்னிட்டு நகைக் கடனுக்கான வரம்பை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 ஆக ரிசர்வ் வங்கி உயர்த்தியிருந்தது. "நல்ல நேரத்துல வைக்கிறீங்க" என்றாராம் உரசிப் பார்த்தவர்.

அக்டோபர் முதல் வாரம் போய் இறங்கினேன். 14 நாள் தனிமை. ஜன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் சுவர். வெளியே வந்து மூச்சுவிடுவதற்குள் வேலைச் சந்தையின் பாதி மூடிவிட்டது. இதை ஊரில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். லண்டனின் நிதி நிறுவனங்களில் பட்டதாரிப் பயிற்சி வேலைகளுக்கு, அடுத்த ஆண்டு செப்டம்பரில் சேர்வதற்கு, இந்த ஆண்டு கோடை முடிவதற்குள்ளேயே விண்ணப்பம் திறந்துவிடும். பலவற்றில் இடம் நிரம்பியதும் கடையைச் சாத்திவிடுவார்கள். ஓராண்டுப் படிப்புக்கு வருகிறவன் முதல் வகுப்புக்குப் போகும் முன்பே வேலை தேடி முடித்திருக்க வேண்டும். நம் ஊரில் கேம்பஸுக்கு நிறுவனங்கள் வரும். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அங்கே நாம்தான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும், அதுவும் விடிவதற்கு முன்னால்.

கதவைத் திறப்பதும் ஆள் இல்லை. முதலில் கணக்குத் தேர்வு, கணினியில். அதைத் தாண்டினால் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். கேள்வி திரையில் வரும், யோசிக்க அரை நிமிடம், பேச இரண்டு நிமிடம். எதிரே தலையாட்ட ஒரு மனிதர்கூட இல்லாமல் "எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்பதற்குப் புன்னகையோடு பதில் சொல்வது ஒரு தனிக் கலை. எனக்குக் கடைசிவரை வரவில்லை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. "உங்களுக்கு இப்போதோ பின்னாலோ விசா ஆதரவு தேவைப்படுமா?" என்று ஒரு கட்டம் வரும். ஆம் என்று தட்டிய அடுத்த நிமிடமே வருத்தம் தெரிவித்து மெயில் வந்த நாட்கள் உண்டு.

அந்த வருடம் 47 விண்ணப்பம் போட்டேன். ஒன்றும் தேறவில்லை.

2021 ஜூலையில் படித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு தங்கி வேலை செய்யும் விசா மறுபடி வந்ததால் தப்பித்தேன். அடுத்த சுற்று வரும்வரை ஈஸ்ட் ஹாமில் யாழ்ப்பாணத்துக் கணக்காளர் ஒருவரிடம் வேலை பார்த்தேன். மளிகைக் கடைகளுக்கும் சலூன்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாட் கணக்குப் போடும் அலுவலகம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ரசீதுகள் வந்து சேரும். "தம்பி, உந்த ரசீதுகளைத் தேதிப்படி அடுக்கும். பொருளாதாரத்தைப் பிறகு பாப்பம்" என்பார் அண்ணை. அங்கே கற்றதுதான் பின்னால் நேர்முகத்தில் கைகொடுத்தது. "ஒரு பிழையைக் கண்டுபிடித்த அனுபவம்?" என்று கேட்டபோது, அரிசி மூட்டைக்கு வாட் கட்டியிருந்த கடைக்காரரைப் பற்றிச் சொன்னேன். பெரும்பாலான உணவுப் பொருளுக்கு அங்கே வாட் சுழியம். கேட்டவர்கள் சிரித்தார்கள். வேலை கிடைத்தது.

"மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை நிறுத்து, நிம்மதியாக இருப்பாய்" என்று முன்பே வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சம்பளமும் செலவும் அதே ஊரில் இருக்கும்போது 2.80 பவுண்டு காபியை 270 ரூபாய் என்று பார்ப்பது மடத்தனம் என்பது அவர்கள் வாதம். பாடப் புத்தகமும் அதையேதான் சொல்லும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சம்பளம் பவுண்டில், கடன் ரூபாயில் என்றால் பெருக்குவதுதான் கணக்கு. பெருக்காமல் இருப்பதுதான் கனவு. நிம்மதியாக இருக்கச் சொன்னவர்களில் ஒருவர் பெயரிலும் கடன் இருக்கவில்லை.

2022 செப்டம்பர் தொடக்கத்தில் சேர்ந்தேன். ஓய்வூதிய நிதிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம். இங்கிலாந்து வங்கி இருக்கும் த்ரெட்நீடில் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடை. என் வேலை அட்டவணைகளில் எழுத்தின் அளவைச் சரிபார்ப்பது. கல்விக்கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு தவணை விலக்கு; முதல் தவணை அக்டோபரில், 36,000 ரூபாய். சேர்ந்தபோது பவுண்டு 92 ரூபாய்க்கு அருகில் இருந்தது, ஆகவே 391 பவுண்டு எடுத்துவைத்தால் போதும்.

செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. நிதியமைச்சர் க்வாசி க்வார்ட்டெங், வருவாய்க்கு வழி சொல்லாமல் பெரும் வரிக்குறைப்பை அறிவித்தார். திங்கட்கிழமை விடிவதற்குள் பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்குச் சரிந்தது. ரூபாயில் 87. என் தவணை 414 ஆனது. ஆனால் அலுவலகத்தில் யாரும் பவுண்டைப் பற்றிப் பேசவில்லை. அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்களின் வட்டி ஏறிக்கொண்டே போனது. வட்டி ஏறினால் பத்திரத்தின் விலை விழும். அந்தப் பத்திரங்களை ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருந்தவை ஓய்வூதிய நிதிகள்.

செவ்வாய்க்கிழமை அட்டவணைகளை ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் ஒரு தொலைபேசிப் பட்டியலைக் கொடுத்தார்கள். கோயிலுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு நிதிக்கும் அறங்காவலர்கள் உண்டு. அவர்களில் மூன்றில் ஒரு பங்காவது உறுப்பினர்கள் முன்மொழிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூடுதல் ஈடு கட்டப் பணத்தை நகர்த்த அவர்கள் கையெழுத்து வேண்டும், மாலை நாலு மணிக்குள். நான் பிடித்த மூன்றாவது ஆள், தொழிற்சாலையில் கடைசல் எந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் இருந்தார், மண்வெட்டியைக் கீழே போடும் சத்தம் கேட்டது. கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு, "எங்க ஆளுங்க பணத்துக்கு ஒண்ணும் ஆகாதே, லாட்?" என்று கேட்டார். லாட் என்பது அந்த ஊர் 'தம்பி'. எனக்குப் பதில் சொல்ல அனுமதியில்லை. எழுதிக்கொடுத்திருந்த வாசகத்தைப் படித்தேன். "சரிப்பா, நீயும் என்ன செய்வே" என்கிற மாதிரி ஏதோ சொல்லி வைத்தார்.

மறுநாள், 30 ஆண்டுப் பத்திரத்தின் வட்டி 5 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, இங்கிலாந்து வங்கி இறங்கியது. நாளொன்றுக்கு 500 கோடி பவுண்டு வரை, 13 வேலை நாளுக்கு, நானே பத்திரங்களை வாங்குகிறேன் என்றது. அறிவித்த சற்று நேரத்தில் விலை திரும்பியது. என் பக்கத்து இருக்கைக்காரி சத்தமில்லாமல் மேஜையில் தலை கவிழ்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோவில் வந்தாள். வழக்கமான கேள்வி. 87-க்கு விழுந்து கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றேன். ஏன் என்றாள். வாரம் முழுக்கத் தூங்காத தெம்பில் விளக்க ஆரம்பித்தேன்.

"பொண்ணு கல்யாணத்துக்கு நூறு பவுன் போடறேன்னு ஒருத்தர் வாக்குக் குடுத்துட்டார். கல்யாணத்துக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கு. கையில இருக்கறது அம்பதுக்குத்தான். அதுக்குள்ள விலை ஏறிடுமோன்னு பயம். இருக்கற நகைய அடகு வெச்சு, வந்த பணத்துல இன்னும் நகை வாங்கினார்."

"ஐயோ."

"விலை ஏறல, தடால்னு எறங்கிடுச்சு. அடகு வாங்கினவன் கூப்பிட்டு, வித்தியாசத்தக் கட்டு, இல்லன்னா நகை மூழ்கிடும்ங்கறான். நகைய வித்துத்தான் கட்டணும். ஊர்ல அத்தனை பேரும் ஒரே நாள்ல விக்கறாங்க. விலை இன்னும் எறங்குது."

"அப்பறம்?"

"அப்பறம் பெரிய பேங்க் ஒண்ணு வந்து, வாங்க, நானே வாங்கிக்கறேன்னுச்சு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நமக்கு யாரும் வரலியேடா" என்றாள்.

2021 மார்ச்சில் தங்கம் பவுனுக்கு 34,000 ரூபாய் அருகே இறங்கியிருக்கிறது. உச்சத்தில் வைத்து 90 சதவீதம் வாங்கிய கடன் நகையின் மதிப்பைத் தாண்டிவிட, வங்கியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து நாள் கெடு. கையில் இருந்ததைத் திரட்டியும் பற்றவில்லை. ஒரு சங்கிலியை மீட்டு, வாங்கினவன் சொன்ன விலைக்கு விற்று, மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். படிக்கிற பிள்ளையிடம் எதற்கு என்று சொல்லவில்லை.

அதே மார்ச்சில் அறைக்குள் உட்கார்ந்து ஒரு பாடத்துக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். கியோடாகி, மூர் இருவரும் 1997-இல் எழுதிய ஆய்வைப் பற்றியது: ஈடாக வைத்த சொத்தின் விலை விழுந்தால் கடன் சுருங்கி, அதனாலேயே விலை மேலும் விழும் என்பது அதன் சாரம். 68 மதிப்பெண் வாங்கினேன். "உதாரணங்கள் போதாது" என்று ஓரத்தில் குறிப்பு.

"எந்தச் சங்கிலிம்மா?" என்று கேட்டேன்.

"நெட்டு சரியில்லடா, அப்பறம் பேசறேன்" என்றாள். படம் தெளிவாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது.