சுருட்டொன்று சுவைத்தோம்

நாம் சுருட்டுப் பிடிப்பவர் அல்லோம். புகையிலையைத் தொட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அங்ஙனமிருக்க, சென்ற மாதத்தில் ஒரு மாலைப் பொழுது, கிள்ளானில் நண்பர் ஒருவர் இல்லத்து முன்தாழ்வாரத்தில் அமர்ந்து, கியூபா நாட்டுச் சுருட்டொன்றை ஒரு மணி நேரம் வரை புகைத்தோம் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். சிலர் வெகுளவும் கூடும். ஆதலின் நடந்ததை நடந்தவாறே சொல்லிவிடுகின்றோம்.

நண்பரும் நாமும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். அவர் வாணிகத்தில் கைதேர்ந்து செல்வந்தரானார். தம் மகன் திருமணத்திற்கு வரும் பெரிய மனிதர் சிலருக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு சுருட்டும் வைத்துக் கொடுக்க எண்ணினார். அதற்காகவே 'மோண்டெகிறிஸ்டோ கிராண்ட் எட்முண்டோ' என்னும் 2010ஆம் ஆண்டின் வரையறுத்த பதிப்பில் பத்துச் சுருட்டுகள் அடங்கிய பெட்டியொன்றை வாங்கியிருந்தார். "சுருட்டின் குணம் உமக்குத்தான் தெரியும். உம் தந்தையார் கற்றுக் கொடுத்த வித்தை மறந்திராது. ஒன்றைச் சோதித்துச் சொல்லும். சபையில் வைக்கத் தகுமா, தகாதா?" என்றார்.

வித்தை உண்மைதான். பால்வெட்டி வீடு திரும்பும் நம் தந்தையாருக்குச் சுருட்டு வாங்கி வரும் பணி, சிறுவராயிருந்த நம்முடையது. "விரலால் மெல்ல நெருடிப் பார், ஓரிடம் இறுகியும் ஓரிடம் தளர்ந்தும் இருந்தால் விட்டுவிடு. காதருகே உருட்டிப் பார், சரசரவென்றால் காய்ந்தது. பின் முகர்ந்து பார்; பூசணம் நாறினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடு" என்பது அவர் வகுத்த சட்டம். எழுத்தறியாதவர், ஆயினும் இலையறிந்தவர்.

நம் நண்பர் அப்பெட்டியை ஏதோ அந்நிய நாட்டுத் தெய்வம்போல் இரு கையாலும் ஏந்தி வந்தார். அவருக்கு நாம் சொன்னோம்: "அஞ்சாதீர்! ஆங்கிலேயர் 'செரூட்' என்று சொல்லும் சொல்லே நம் 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்தது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் பெயர் 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே இருக்கின்றது. இப்பொருள் நம்மவர்க்குப் புதிதன்று."

நிற்க. வரையறுத்த பதிப்பு என்பது யாது? கியூபாவின் மேற்கே பினார் தெல் ரியோ மாநிலத்தில் வுவெல்தா அபாகோ என்றொரு நிலப்பகுதி உண்டு. அந்நாட்டுச் சுருட்டுக்குரிய மிகச் சிறந்த இலை அங்கு விளைவது. சுருட்டின் மேலுறைக்குரிய செடிகளைத் துணிப்பந்தலின்கீழ் நிழலில் வளர்ப்பார்கள். வரையறுத்த பதிப்புகள் 2000ஆம் ஆண்டில் தொடங்கின. அவற்றிற்குச் செடியின் மேற்பகுதியில் விளைந்த கருத்த இலையைக் குறைந்தது 2 ஆண்டுகள் பதப்படுத்தி மேலுறையாக்குவர். 2007 முதல் உள்ளிருக்கும் இலைகளுக்கும் அவ்விதியே. உள்ளீடாக மூவகை இலைகள் அமைகின்றன. எளிதில் எரிவது ஒன்று. மணம் தருவது ஒன்று. காரமும் வலிமையும் உடையது மற்றொன்று. இம்மூன்றாவது மெல்ல எரிவதாதலின் நடுவில் வைக்கப்படும். இத்தனையையும் செய்து முடிக்கத் தொழிலாளியின் கையில் இருப்பவை ஒரு பலகை, ஒரு தட்டைக் கத்தி, சிறிது தாவரப் பசை. மரத்தின் மேனியைப் புண்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவியெடுக்கும் நம் பால்வெட்டுக் கத்தி நம் நினைவிற்கு வந்தது. கைத்திறன் எந்நாட்டிலும் கைத்திறனே.

சுருட்டின் நீளம் 150 மில்லிமீட்டர். பருமன் ஓர் அங்குலத்தை 64 கூறிட்டால் அவற்றுள் 52. தந்தையாரின் சட்டப்படி நெருடினோம். முனை முதல் அடி வரை ஒரே சீராக இருந்தது. காதருகே உருட்டினோம், ஒலியில்லை. முகர்ந்தோம், உலர்ந்த மரத்தின் மணமும் கொக்கோவின் மணமும் கலந்து வந்தன. தலைப்பகுதியைச் சிறிதே நறுக்கி, தீயை நேரே படவிடாது அடிப்பகுதியைச் சூடேற்றிப் பற்றவைத்தோம். இப்புகையை உள்ளே விழுங்குதல் கூடாது. வாயில் நிறுத்திச் சுவையறிந்து வெளிவிடல் வேண்டும். நிமிடத்திற்கு ஒரு முறைக்கு மேல் இழுத்தால் சூடேறிக் கசந்துவிடும்.

முதற் பகுதியில் பாலில்லாக் காப்பியின் இனிய கசப்பு. இடையில் வறுத்த கொட்டைகளின் சுவையும் மெல்லிய இனிப்பும். கடைப்பகுதியில் நடுவிலையின் வலிமை மேலெழ, மிளகின் உறைப்பு நாவின் ஓரத்தில் நின்றது. சாம்பல் உதிராது இறுகி நின்றது. நெருப்பு ஒருபக்கம் சாயவில்லை. பொய் சொல்வதில் பயனில்லை. மிக உயர்ந்த சுருட்டு. நன்றாகவே இருந்தது.

ஒன்றின் விலை யாதென்று நண்பரைக் கேட்டோம். அவர் சொன்ன தொகை, நம் தந்தையார் ஓராண்டு முழுமையும் புகைத்துத் தீர்த்த சுருட்டுகளின் விலையினும் பெரிது. மேலும், இத்தகைய சுருட்டை மூன்றில் ஒரு பங்கு எஞ்சும்போதே கீழே வைத்துவிடுவது நாகரிகமாம். தந்தையாரோ பாதியில் அணைத்து, மறுநாள் காலைப் பெரட்டுக்குப் போகுமுன் பிடிப்பதற்காகக் கூரைக் கீற்றில் செருகி வைப்பார்.

அவர் 1974இல் நாக்கில் புற்று வைத்து மாண்டார். இறுதி மூன்று மாதங்கள் அவரால் பேச முடியவில்லை. நல்லதாகப் பொறுக்கிப் பொறுக்கி வாங்கிக் கொடுத்தவர் நாமே என்னும் எண்ணம் இன்றளவும் நம்மை விட்டு நீங்கியதில்லை. உள்ளிழுக்காத புகையால் தீங்கில்லை என்று நண்பர்போலப் பலர் சொல்கின்றனர். அது பொய். சுருட்டுப் புகை வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் உண்டாக்குவது. விலை ஏறினால் நஞ்சு இறங்கிவிடாது.

இச்சுருட்டின் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. அதையும் நண்பருக்குச் சொன்னோம். 1865இல் அவானா நகரத்துச் சுருட்டுச் சாலையொன்றில், தொழிலாளர் வேலை செய்கையில் ஒருவர் உரக்கப் படிக்கும் வழக்கம் தொடங்கியது. படிப்பவருக்குக் கூலி கொடுத்தவர்கள் முதலாளிகள் அல்லர். தொழிலாளரே தம் ஊதியத்திலிருந்து பங்கிட்டுக் கொடுத்தனர். அரசாங்கம் அஞ்சி 1866இல் தடை விதித்தது. ஆயினும் வழக்கம் மாயவில்லை, மீண்டெழுந்து நிலைத்தது. அங்ஙனம் படிக்கக் கேட்டு அவர்கள் பெரிதும் விரும்பிய கதைகளுள் ஒன்று, அலெக்சாந்தர் தூமாவின் 'மோண்டெ கிறிஸ்டோ கோமகன்'. 1935இல் பிறந்த இச்சுருட்டுக்கு அப்பெயர் வந்தது அதனாலேயே என்பர்.

"நம் லயத்தில் ஞாயிறுதோறும் நடந்தது நினைவிருக்கின்றதா?" என்று கேட்டோம். நண்பர் தலையசைத்தார். ஆளுக்குச் சில காசு போட்டுப் பத்திரிகை வாங்குவார்கள். எழுத்தறிந்த ஒருவர் படிப்பார்; ஏனையோர் குந்தியிருந்து கேட்பார்கள். கேட்கும் ஆர்வத்தில் இழுக்க மறந்து, நம் தந்தையார் கைச்சுருட்டு தானே அணைந்துபோகும். அவர் சுருட்டை மறந்திருந்த நேரம் அது ஒன்றுதான்.

பிறகு நம் தீர்ப்பைச் சொன்னோம்: "சுருட்டாகப் பார்த்தால் குறையொன்றும் இல்லை, செய்த கைகளை வணங்குகின்றோம். தனியே நீர் புகைப்பது உம் விருப்பம், உம் உடல். ஆனால் மணப்பந்தலில் தட்டில் வைத்து நீட்டினால், அஃது இளைஞர் கண்ணுக்கு மரியாதையாகிவிடும். உம் மகன் அதைப் பார்ப்பான். அவனுக்குப் பிறப்பவனும் ஒருநாள் பார்ப்பான். சபைக்குத் தகாது."

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. கீழே நோக்கினோம், நம் கைச்சுருட்டு அணைந்திருந்தது. மறுபடி பற்றவைக்கவில்லை.

திருமணத்திற்குச் சென்றிருந்தோம். தட்டில் வெற்றிலையும் பாக்கும் பழமும் இருந்தன, சுருட்டு இல்லை. எஞ்சிய ஒன்பதும் என்னவாயின என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.